கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெக்கானிக் சவுரிமுத்து கியர் ஆயில் குச்சியை உருவினான். டிரைவர் ஏகநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓடுகிற வண்டியில் எவனாவது ஆயில் பார்ப்பானா?

லாரியோ அம்பாசிடரோ, காலையில் சாவியைத் தொடும் முன் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு, ஆயில் கோட்டில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முப்பது வருஷமாக அவர் அப்படித்தான் பார்க்கிறார். தாம்பரம் லாரி ஸ்டாண்டில் நேற்றுச் சேர்ந்த கிளீனருக்குக்கூடத் தெரியும் அது.

குச்சியில் பொட்டு ஆயில் இல்லை.

கிளட்ச் இல்லாத இந்த ஆட்டோமேட்டிக் காரை முதலாளி அரிகிருஷ்ணனின் மாப்பிள்ளை குவைத்திலிருந்து கப்பலில் அனுப்பியிருந்தார். போன வாரம் அவர் கொடுத்தனுப்பிய சிந்தெடிக் ஆயிலை கியருக்கு மாற்றியவன் சவுரிமுத்து. இன்று செம்பாக்கம் ஏரிக்கரை மேட்டில் எஞ்சின் உறுமியதே தவிர வண்டி நகரவில்லை. முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டு ஷெட்வரை தள்ள வேண்டியதாயிற்று.

“கீழ ஒரு சொட்டு ஒழுகல. ஃபாரின் டின்னை வித்துட்டு வெறும் கியரை மூடிட்டே. இனிமே என் வண்டி எதையும் நீ தொடக்கூடாது” என்றார் முதலாளி.

சவுரிமுத்துவின் முகம் செத்துப்போனது. முதலாளி வாயைத் திறந்தால், இந்த வட்டாரத்தில் ஒருவனும் அவனிடம் வண்டி விடமாட்டான்.

திருடன் என்றது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் தொழில் தெரியாதவனுக்கு நன்றாக வேண்டும் என்றுதான் ஏகநாதனுக்குத் தோன்றியது. அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“வண்டிய நிறுத்திட்டுப் பாருடா. ஆயில் கரெக்டா கோட்டுல நின்னுகினு கீது.”

நிறுத்தினார்கள். சற்றுப் பொறுத்துக் குச்சியை உருவினான் சவுரிமுத்து. சிவப்பு எண்ணெய், மயிரிழை பிசகாமல், கோட்டில் நின்றது.

ஏகநாதன் மீசையைத் தடவிக்கொண்டார்.

சவுரிமுத்து அவரையே பார்த்தான்.

“இந்த கியருக்கு சூடா ஓடும்போதுதாண்ணா பாக்கணும். நிறுத்துனா எல்லாம் கீழ எறங்கி, கோட்டுக்கு மேல ஒரு வெரக்கட காட்டும். நான் ஊத்தினப்ப அப்படித்தான் இருந்துச்சு. இப்ப கோட்டுக்கு எப்படி வந்துச்சு?”

ஏகநாதனின் கை மீசையிலேயே நின்றுவிட்டது.

சவுரிமுத்து குனிந்து ஸ்பேனர்களைப் பைக்குள் போட ஆரம்பித்தான். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏகநாதன் ஷெட்டுக்குள் போனார். பழைய டயர்களுக்குப் பின்னாலிருந்து இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில்களை எடுத்துவந்து முதலாளியின் காலடியில் வைத்தார்.

இரண்டிலும் கழுத்துவரை சிவப்பு எண்ணெய். ஆயில் மாற்றிய மறுநாள் காலை, சாவியைத் தொடும் முன், கோட்டுக்கு மேலே நின்றது அதிகம் என்று அவர் டியூப் விட்டு உறிஞ்சி எடுத்தது.