பனியில் நனைந்த பாறை

மணிமொழி கையும் களவுமாகச் சிக்கிவிட்டாள். அரங்கநாதனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ராஜாம்பா, ஓடியா! பதினஞ்சே செகண்டு! 'அருமை'ன்னு போட்டுட்டா!"

"இன்னாத்துக்கு அருமை?" என்றபடி அடுப்படியிலிருந்து வந்தாள் மனைவி.

"உன் புருஷன் மண்டைக்கு!"

விஷயம் இதுதான். அரங்கநாதன் பஸ்களில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே அமுக்கிவிடுவார் என்று பெயர். இப்போது அமுக்க ஆளில்லை. விடிந்ததும் செஞ்சிக் கோட்டைப் பக்கம் நடந்து, மலை, குளம், மயில், வெட்டுக்கிளி என்று கண்ணில் பட்டதையெல்லாம் படமெடுத்துத் தன் வலைப்பூவில் போடுகிறார்.

சுற்றுவட்டாரத்தில் இதே மாதிரி நடந்து, படமெடுத்து, பதிவு போடுகிறவர்கள் இன்னும் எட்டுப் பேர் உண்டு. ஒருவர் படத்துக்கு மற்ற எட்டுப் பேரும் கமெண்ட் போட்டாக வேண்டும். கல்யாண மொய் மாதிரிதான். நாம் வைத்தால்தான் நமக்கும் வரும்.

இதில் அனந்தபுரம் மணிமொழி மட்டும், யார் எதைப் போட்டாலும் முதல் ஆளாக வந்து 'அருமை' என்பாள். படத்தைப் பார்த்துத்தான் சொல்கிறாளா? அரங்கநாதனுக்குள் தூங்கிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

நடந்து வந்த வியர்வை காய்வதற்குள், தன் வழுக்கைத் தலையைப் பின்னாலிருந்து படமெடுக்கச் சொன்னார். ராஜாம்பாளும் தலையில் அடித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள். 'ராஜகிரி அடிவாரம். பனியில் நனைந்த பாறை' என்று எழுதிப் பதிவேற்றினார்.

உடனே வந்து விழுந்தது மணிமொழியின் கமெண்ட்: 'அருமை சார்! என்ன கம்பீரமான பாறை!'

"பாவம், நல்ல பொண்ணு. வுட்டுடுங்க" என்றாள் ராஜாம்பாள்.

"வுடறதா? நாளைக்குப் பதிவர் சந்திப்பு இருக்குது. எல்லார் எதிர்லயும் படத்தக் காட்டிக் கேக்கப் போறேன். பார்க்காம கமெண்ட் போடறவ நம்ம கூட்டத்துக்கே தேவையில்ல."

"கேட்டா உங்க மண்டைதான் ஊர் சிரிக்கும்."

"நியாயத்துக்காகத் தலையக் குடுத்தவங்க எத்தினி பேரு இருக்காங்க! நானும் ஒருத்தன்னு இருந்துட்டுப் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை. கோட்டை வாசலில் ஏழு பேர் கூடியிருந்தார்கள். அவர்களில் தொண்டூர் விமல்ராஜ் எதிரே ஓடிவந்தான்.

"சார், மணிமொழி மேடம் அதோ ஆட்டோவுல உக்காந்துக்கினு இருக்காங்க. உங்ககிட்டத் தனியாப் பேசணுமாம். அங்கயே வரச் சொன்னாங்க."

"ஏன், இறங்கி நாலு எட்டு நடக்க மாட்டாங்களாமா? இவங்கல்லாம் நடைப் பதிவராம்!"

"இல்ல சார், அவங்களுக்கு..."

விமல்ராஜ் முடிப்பதற்குள் அரங்கநாதன் சட்டைப்பையிலிருந்து போனை உருவிக்கொண்டு ஆட்டோவை நெருங்கிவிட்டார். உள்ளே மடிமேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள் மணிமொழி. மரியாதைக்குக்கூட எழுந்திருக்கவில்லை. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்தப் படத்துல இன்னாம்மா அருமையக் கண்ட?"

மணிமொழி அக்கம்பக்கம் பார்த்தாள்.

"மெதுவாப் பேசுங்க சார். அது உங்க தலைதானே?"

அரங்கநாதன் போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"பார்த்த உடனே தெரிஞ்சிடுச்சு. ஓரத்துல காது இருக்குது சார். ஏதோ கை தவறிப் போட்டோவ மாத்தி ஏத்திட்டீங்கன்னு பதறிட்டேன். நான் முந்திக்கினு 'பாறை'ன்னு போட்டுட்டா, பின்னால வர்றவங்களும் பாறைன்னே நெனச்சுக்குவாங்க இல்ல? போன் பண்ணிச் சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும். அதான் நேர்ல பார்த்து, எடுத்துடுங்கன்னு சொல்லலாம்னு வந்தேன்."

அவள் சொன்னபடியேதான் நடந்திருந்தது. மற்ற ஏழு பேரும் பாறையைக் கொண்டாடியிருந்தார்கள். 'ஒரு நாள் ஏறிப் பார்க்க வேண்டும்' என்று விமல்ராஜ் ஆசைப்பட்டிருந்தான்.

அரங்கநாதனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்தப் பெண்ணையா நாலு பேர் நடுவில் தலைகுனிய வைக்க வந்தோம் என்று கண் கலங்கியது.

"மன்னிச்சிடும்மா. உன்னப் போயி தப்பா நெனச்சிட்டேன். இறங்கி வா, எல்லாரும் ஒண்ணா இட்லி சாப்பிடலாம்."

"இறங்க முடியாதே சார்" என்று சால்வையை விலக்கினாள். முழங்காலிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு.

"ஐயையோ! எப்பம்மா ஆச்சு? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நாங்கல்லாம் அந்த அளவுக்கு வேத்தாளா பூட்டோமா?"

"சொன்னேனே சார். போன புதன்கிழம போட்டோவோட பதிவு போட்டேன். நீங்ககூட கமெண்ட் போட்டிருந்தீங்க."

அரங்கநாதன் அவசரமாக அவள் வலைப்பூவைத் திறந்து தள்ளிக்கொண்டே போனார். புதன்கிழமை வந்தது. திரை முழுக்க அந்தக் கட்டுப் போட்ட கால். 'சிங்கவரம் மலைப்படியில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் நடக்கக் கூடாதாம்.'

கீழே முதல் கமெண்ட், அரங்கநாதன்: 'அருமை! கண்ணுக்குக் குளிர்ச்சி! இதேபோல் வாரம் ஒன்று எதிர்பார்க்கிறேன்!'

அதற்கு மணிமொழியின் பதில்: 'நன்றி சார். முயற்சி செய்கிறேன்.'