திரும்பி வர ஒரு கார்டு

பிழைக்க வந்த நாட்டிலும் வீட்டுக்குள் தனியரசு நடத்திய அந்தக் கணவர், சட்டத்தைவிடத் தம் சாவிக்கொத்தையே பெரிதும் நம்பியவர். அங்கே நிரந்தரமாக வாழும் உரிமைக்கு மனைவி வைத்திருந்த பி.ஆர். கார்டை அன்று காலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, அவள் பெட்டி அடுக்குவதைப் புன்னகையோடு வேடிக்கை பார்த்தார்.

“உன் தங்கச்சி ஊருக்குப் போக வேண்டாம்னு சொன்னேனே, காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு. முடிவு மட்டும் நான் எடுத்தேன்.”

“கார்டு என்கிட்ட இருக்கு. எப்படி விமானம் ஏறுவே?”

“இங்கேருந்து கிளம்ப பாஸ்போர்ட் போதுங்க. கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.”

“பெரிய வக்கீலு! சரி, போயிடுவே. திரும்பி வரும்போது கார்டு இல்லாம எவன் உன்னை ஏத்துவான்? அங்கேயே கிடக்க வேண்டியதுதான்!”

வாசலில் டாக்சி வந்து நின்றது. அவள் கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து அவர்முன் விரித்தாள். தங்கையின் ஊர் மருத்துவமனை இவளைத் தலைமைச் செவிலியராக நியமித்து அனுப்பிய ஆணை அது.

“கார்டு திரும்பி வர்றவங்களுக்குத்தாங்க வேணும். அதை நீங்களே பத்திரமா வெச்சுக்கோங்க.”