அரவேணு வீட்டைப் பற்றி வரும் கடிதங்கள்

நீலகிரியில் தங்கவும் காலையில் சாப்பிடவும் ஏற்ற வீடுகளைப் பற்றி நாங்கள் ஒரு கையேடு போடுகிறோம். கடைசிப் பக்கங்களில் ஊர் வரலாறும் உண்டு. அதை நானே படித்ததில்லை. பாராட்டிக் கடிதம் வரும் வீட்டை நாங்கள் நீக்குவதில்லை.

கோத்தகிரி பக்கம் அரவேணுவில் இருந்த நல்லசாமியின் வீட்டைப் பாராட்டி எங்களுக்கு மாதம் இரண்டு கடிதங்கள் வருகின்றன. இரண்டு வருடத்துக்கு முந்தைய மழையில் மண் சரிந்து, அந்த வீட்டோடு நல்லசாமியும் போய்விட்டார். போன மாதம் தங்கியவருக்கு ராகி தோசை நன்றாக இருந்ததாம். சுடுதண்ணீர் மட்டும் தாமதமாம்.

கேட்டுவிடுவது மரியாதை என்று அவர் மனைவி மாலதிக்குப் போன் செய்தேன். மழையன்று கோயம்புத்தூரில் அண்ணன் வீட்டில் இருந்ததால் பிழைத்தவர். அதன்பிறகும் அங்கேதான் இருந்தார்.

"ஏனுங்க்கா, புதுப் புஸ்தகத்துல உங்க ஊட்ட எடுத்துரட்டுங்களா?"

"எடுத்துராதீங்க தம்பி. சுடுதண்ணி நாந்தானுங்க வெப்பேன். அவருக்கு அடுப்பே பத்த வெக்கத் தெரியாது." பிறகு கேட்டார்: "இருமுறாருன்னு யாராச்சும் எழுதியிருக்காங்களா?"

"இல்லீங்க்கா."

"எனக்கு அங்க ஒரு ரூம் சொல்லி வைங்க. ஒத்தையில என்ன பண்றாரோ."

சிரித்தபடி சரி என்றேன். மறுநாள் கோத்தகிரி பஸ் ஏறியவர் திரும்பவில்லை என்று அவர் அண்ணன் சொன்னார்.

நேற்று அந்த வீட்டைப் பற்றி ஒரு கடிதம் வந்தது. எல்லாம் அருமையாம். வீட்டுக்காரம்மாதான், தங்கியவர்கள் கிளம்பும்போது அவர்கள் பையை இறுகப் பிடித்துக்கொண்டு, "கோயம்புத்தூர் வரைக்கும் என்னையும் கூட்டீட்டுப் போயிருங்க" என்று அழுதாராம்.