சொக்கனின் கடுக்கன்

புல் நுனியில் கைகளை விரித்துக்கொண்டு ஓர் உண்ணி காத்திருந்தது. சொக்கன் என்ற நாய் அந்தப் பக்கம் துள்ளிக்கொண்டு வந்தது.

"அண்ணே, காதுல ஒரு கடுக்கன் இருந்தா நீங்க ராஜாதான். நானே கடுக்கனா வந்து உக்கார்றேன். ஆனா கழுத்துல கிடக்கிற அந்த மருந்துப் பட்டை அழகைக் கெடுக்குது," என்றது உண்ணி.

சொக்கன் வேலியில் உரசி உரசிப் பட்டையைக் கழற்றி எறிந்தது. உண்ணி காதில் ஏறிக்கொண்டது. எள்ளளவு இருந்த கடுக்கன் நாளாக நாளாக ஆமணக்கு விதை போலப் பருத்துப் பளபளத்தது. சொக்கனுக்குத் தலை சுற்றியது, கால் பின்னியது.

"நகை கொஞ்சம் கனம்," என்று தெருவெல்லாம் காதை ஆட்டிக் காட்டியது.

இதைப் பார்த்த ஒரு மைனாவுக்குப் பொறுக்கவில்லை. "அட கிறுக்கா, அது உன் ரத்தத்தைக் குடிச்சு ஊதிப்போன உண்ணிடா," என்று ஒரே கொத்தில் பிடுங்கித் தரையில் போட்டது. உண்ணி உடைந்து சிவப்பாகச் சிதறியது.

சொக்கன் குனிந்து பார்த்தது. அதன் கண் கலங்கியது.

"அடிப்பாவி, உள்ளே மாணிக்கமே வச்சிருந்திருக்கு. உன் வயித்தெரிச்சல்ல உடைச்சிட்டியே."

பிறகு தள்ளாடித் தள்ளாடிப் புல்வெளிக்குப் போய், இந்தத் தடவை இரண்டு காதையும் விரித்துப் போட்டுப் படுத்துக்கொண்டது.