பாதி மழித்த முகம்

கப்பல் சமையல்காரனுக்கு அன்று விடுமுறை. முன்பின் தெரியாத துறைமுக நகரத்தைக் காலையிலிருந்து சுற்றிவிட்டு, ஒரு சலூனில் வந்து “அப்பாடா” என்று உட்கார்ந்தான்.

“அட, நம்ம பாஷை! தாடியை எடுத்துடலாமா? ஊர்ல என்னென்ன பார்த்தீங்க?” என்றார் கடைக்காரர்.

“சலூன் சலூனா ஏறி இறங்கினேன்.”

கடைக்காரர் சிரித்தார். உள்ளிருந்து ஒரு குழந்தை, “அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடறாங்க” என்றது.

தாடி பாதி போனதும் கத்தி நின்றது. கண்ணாடியில் கடைக்காரருக்குத் தன் அப்பாவின் முகம் தெரிந்தது.

“தம்பி... நான் கப்பல் சலூன் வேலையை விட்டு ஓடினது தெரிய வேண்டாம். கடல்ல செத்துட்டேன்னு வீட்ல சொல்லிடுடா.”

“நீங்க ஓடின சேதி வந்த அன்னைக்கே, குடும்ப மானத்துக்காக ஊர்ல அப்படித்தான் சொன்னோம், அண்ணா. அண்ணி மட்டும்தான் நம்பாம காத்துக்கிட்டிருக்காங்க. இனி அவங்களும் நம்பட்டும்.”