பிரேக்கில் கால் வைக்காத டிரைவர்

"டிரைவர் சார், நாங்க வேணா இறங்கித் தள்ளட்டுமா?"

பின்சீட்டுக்காரர் கேட்க, பஸ்ஸே சிரித்தது. மலையிலிருந்து இறங்குகிற வண்டி நத்தை மாதிரி ஊர்ந்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

"தள்ளாதீங்க, அவருக்குத் தூக்கம் கலைஞ்சுடப் போவுது," என்றார் இன்னொருவர்.

டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்த குழந்தை இப்போதுதான் மடியில் கண்ணயர்ந்திருந்தது. கீழே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் அவளுக்கு.

போய்ச் சேருவோமா?

அவள் அண்ணன் லாரி ஓட்டுகிறவன். "ஏர் பிரேக்னா காத்துதான் எல்லாம். மிதிச்ச காலை எடுத்தா புஸ்ஸுன்னு காத்து வெளியே போகும். அந்தச் சத்தம் கேக்கற வரைக்கும் பயமில்ல," என்று ஒருமுறை சொல்லியிருந்தான்.

இறக்கத்தின் ஆரம்பத்தில் வளைவுக்கு வளைவு அது கேட்டது. இப்போது சில வளைவுகளாக இல்லவே இல்லை.

கண்டக்டர் முன்னால் வந்து டிரைவரின் காதருகே குனிந்தார். "அண்ணே, பிரேக்கு..."

"வேணாம்ப்பா. கியர்லயே இறக்கிடறேன். நீ சத்தம் போடாம இரு."

அவள் வெளியே எட்டிப் பார்த்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பள்ளம், அடி தெரியவில்லை.

"கண்டக்டர், பிரேக் போயிடுச்சா?"

அவர் பதறிப்போய் உதட்டில் விரல் வைத்தார். "மெதுவாம்மா, மெதுவா."

"எதுக்கு மறைக்கறீங்க? கைக்குழந்தை வெச்சிருக்கேன் சார். வண்டியை நிறுத்தச் சொல்லுங்க."

பஸ்ஸில் சிரிப்பு அடங்கிப்போனது. பின்சீட்டுக்காரர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நிறுத்துய்யா. எங்க உசிரோட விளையாடறியா?"

டிரைவர் கண்ணாடியில் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஓரமாக ஒதுக்கி, பிரேக்கை மிதித்தார்.

பஸ் சொன்ன பேச்சு கேட்டு நின்றது. ஹேண்ட் பிரேக்கையும் போட்டுவிட்டுக் காலை எடுத்தார்.

புஸ்ஸ்ஸ்.

குழந்தைக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீறிட்டு அழுதது.

"பிரேக்குக்கு ஒரு குறையும் இல்லம்மா," என்றார் டிரைவர், திரும்பி. "மேல ஒவ்வொரு வளைவுலயும் இந்தச் சத்தத்துக்குத்தான் பாப்பா திடுக்கிட்டு முழிச்சுது. ஒருவழியா இப்பத்தான் தூங்கிச்சேன்னு, கால் வெக்காமலே இறக்கப் பார்த்தேன்."