முல்லைக்காரிக்குக் கதை எழுதியவர்

ஸ்டான்லி அவள் தோளில் கை போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றதைப் பார்க்கப் பார்க்க இனியனுக்கு வயிறு எரிந்தது. இப்படி ஒருத்தி தனக்குத்தான் வாய்க்க வேண்டும் என்று பள்ளிக்கூட நாளிலிருந்து நினைத்திருந்தவன் அவன்.

இத்தனைக்கும் அவளைக் கொண்டுவந்து நிறுத்தியதே இனியன்தான். அல்லிநகரத்தில் அவனுடைய பிளக்ஸ் கடையில் அச்சடித்த ஆளுயரக் கட்அவுட் அவள். பெயர் முல்லைக்காரி. நெற்பயிர்ப் பச்சையில் சேலை, கழுத்தில் ஏலக்காய் மாலை, கையில் திராட்சைக்கொடிச் சாட்டை. அவளை வைத்து ஸ்டான்லி போட்ட காமிக்ஸ் புத்தகத்துக்குத்தான் அன்றைக்கு வெளியீட்டு விழா. படமும் அவனே, கதையும் அவனே.

காமிக்ஸுக்குக் கதை எழுதி அட்டையில் தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்பது இனியனின் தீராத ஆசை. கூடப் படித்தவன் முந்திக்கொண்டான்.

"எப்படிடா இருக்கா?" என்றான் ஸ்டான்லி.

"சூப்பர்டா."

"இருந்து சாப்பிட்டுப் போ. உங்கிட்ட ஒரு விசயம் பேசணும்."

"கடையில ஆள் இல்லடா" என்று நழுவினான் இனியன். அவன் பெருமையை உட்கார்ந்து வேறு கேட்க வேண்டுமா?

கடைக்கு வந்ததும் சின்னமனூர் வேலுச்சாமி என்ற பெயரில் ஒரு மெயில் ஐடி தொடங்கினான். 'கம்பத்துத் திராட்சை கறுப்பு, நீ ஏன் பச்சை அடித்தாய்? தேனியிலிருந்து கம்பம் போகிறவள் எதற்கு எதிர்த்திசையில் இருக்கும் ஆண்டிபட்டிக் கணவாய்க்கு மேல் பறக்கிறாள்? பேசாமல் மாடு மேய்க்கப் போ.' திட்டத் திட்ட மனசு குளிர்ந்தது. ஸ்டான்லிக்கு வாரம் ஒன்று தட்டிவிட்டான். ஒருநாள் ஆத்திரம் தாங்காமல், 'அவளுக்குக் கதை என்றால் இப்படி இருக்க வேண்டும்' என்று பன்னிரண்டு பக்கத்துக்கு ஒன்றை எழுதியே அனுப்பினான். 'நன்றி ஐயா' என்று பதில் வந்தது.

மூன்று மாதம் கழித்து ஸ்டான்லி பென் டிரைவோடு கடைக்கு வந்தான். "ரெண்டாம் புத்தகம்டா. அட்டைய பிளக்ஸ் அடிச்சுக் குடு."

இனியன் கம்ப்யூட்டரில் திறந்தான். கறுப்புத் திராட்சைச் சாட்டையைச் சுழற்றியபடி முல்லைக்காரி வைகை அணை மதகின்மேல் நின்றாள். அவன் எழுதி அனுப்பிய அதே காட்சி. கீழே கொட்டை எழுத்தில், 'கதை: வேலுச்சாமி'.

"யாருடா இது?" என்றான் இனியன்.

"சின்னமனூர்க்காரராம். நேர்ல பாத்ததில்ல. மெயில்லயே காறித் துப்புனாக, ஆனா ஒண்ணொண்ணும் நெசம். அவுக கதையப் படிச்சதும் வேற எதுவும் ஓடல, அப்படியே வரஞ்சுட்டேன்."

'நான்தான்டா அது' என்பது நாக்கு நுனி வரை வந்தது. எழுதிய வசவெல்லாம் கூடவே ஞாபகம் வர, இனியன் வாயை மூடிக்கொண்டான்.

ஸ்டான்லி அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சங்கடமாகத் தலையைச் சொறிந்தான்.

"கோவிச்சுக்காதடா. அன்னைக்கு விழாவுல பேசணும்னு சொன்னது இதத்தான். அந்த எடத்துல மொதல்ல உன் பேரத்தான் போட்டு வச்சிருந்தேன்."